அமெரிக்காவில் கிண்டர்கார்டன், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலையுதிர் காலத்தில் பள்ளியிலிருந்து வரும் வேலைகளை, வேலைக்குப் போகும் பெற்றோர் எப்படிச் சமாளிப்பது?

மகனை இப்போதுதான் கிண்டர்கார்டனில் சேர்த்திருக்கிறோம், தினமும் பையிலிருந்து ஏதாவது ஒரு தாள் வருகிறது, எல்லாவற்றுக்கும் போய்த்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. முதல் வருடம் எல்லாவற்றுக்கும் போய், எல்லாவற்றையும் நானே செய்து, சொதப்பியவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை சின்ன வகுப்புகளில் ஆப்பிள், இலை, பூசணி, வான்கோழி என்று ஒரு வரிசை ஓடும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். உள்ளே கணக்கும் அறிவியலும் ஒளிந்திருக்கும்.

ஆப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராக ஆப்பிள் கன்று வளர்த்த ஜானி ஆப்பிள்சீட் பிறந்தது 1774 செப்டம்பர் 26. அந்த வாரத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று ஆப்பிளைத் துண்டு போட்டுக் கொடுத்து, எது பிடித்தது என்று பிள்ளைகளை ஓட்டுப் போடச் சொல்வார்கள். அதைக் கட்டம் கட்டமாக ஒட்டினால் வரைபடம் ஆகிவிடுகிறது. குறுக்கே வெட்டினால் நடுவில் நட்சத்திரம் தெரியும் என்பதையும் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த என் மகள், ஒரு வாரம் எந்த ஆப்பிளையும் நேராக வெட்டவே விடவில்லை.

அடுத்து இலை. உதிர்ந்த இலை, ஓக் மரத்துக் கொட்டை எல்லாம் பொறுக்கி ஜிப்லாக் பையில் போட்டு அனுப்பச் சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை: கொட்டைகளை வீட்டில் திறந்து வைக்காதீர்கள். எங்கள் ஃபிரிட்ஜ் மேல் கிண்ணத்தில் வைத்திருந்தேன், நான்கு நாளில் ஒவ்வொன்றாக ஓட்டை போட்டுக்கொண்டு வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்தன. இலை ஏன் நிறம் மாறுகிறது என்று பையன் கட்டாயம் கேட்பான். பச்சையம் சிதைந்து போனதும், ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அந்தச் சமயத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. இவ்வளவு தெரிந்தால் போதும், ஒப்பேற்றிவிடலாம்.

அக்டோபரில் பூசணி. பண்ணைக்கு ஒரு சுற்றுலா இருக்கும், கூடப் போகப் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். வருடத்துக்கு ஒரு நாள் லீவு போட முடியும் என்றால் இதற்குப் போடுங்கள். பிள்ளை யாரோடு சேருகிறது, யாரைக் கண்டால் ஒதுங்குகிறது என்பது பேருந்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். சில பள்ளிகளில் தன்னார்வலராகப் போக முன்கூட்டியே பதிவும் பின்னணிச் சோதனையும் கேட்பார்கள், அதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

வாங்கி வந்த பூசணி வகுப்பில் இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கும். நூலால் சுற்றளவு எடுப்பது, விதைகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி எண்ணுவது, தண்ணீரில் போட்டால் மிதக்குமா மூழ்குமா என்று முதலில் ஊகிப்பது. என் மகள் முதல் வகுப்பில் இருந்தபோது என் அம்மா ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். இவள் பெரிய விஞ்ஞானி மாதிரி அவரிடம் போய், "அம்மாயி, பம்ப்கின் மிதக்குமா மூழ்குமா, சொல்லுங்க" என்றாள். "அரசாணிக்காயா? எங்க கெணத்துல உருண்டு விழுந்தத நானே எடுத்திருக்கறேன் கண்ணு. மெதக்கத்தான் செய்யும்" என்றார் அம்மா. மறுநாள் வகுப்பில் இவள் மட்டும் ஊகிக்கவில்லை, சாட்சியோடு போனாள். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை தெரியாது. ஆனாலும் அந்த வருடம் பள்ளி விஷயத்தில் எங்கள் வீட்டில் அதிகம் உதவியது அவர்தான்.

தின்பண்டம் அனுப்பச் சொன்னால் சிக்கல் இல்லாமல் கடையில் வாங்கிய, உறையில் சேர்மானம் அச்சிட்ட பண்டமாக அனுப்புங்கள். முதல் வருட தீபாவளிக்கு நான் ஆசை ஆசையாக இருபத்துநாலு கடலை உருண்டை கொடுத்தனுப்பினேன். நிலக்கடலை ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகள் உள்ள வகுப்பு. டப்பா அப்படியே, ரப்பர் பேண்டு கூடக் கழற்றாமல் திரும்பி வந்தது. பேப்பர் தட்டு, நாப்கின் என்று பட்டியலில் வருமே, அதற்குப் பெயர் கொடுத்துவிடுவது வேலைக்குப் போகிறவர்களுக்கு உத்தமம்.

நவம்பரில் ஆசிரியரோடு தனிச் சந்திப்பு இருக்கும். பதினைந்து இருபது நிமிடம்தான், அதைத் தவறவிடாதீர்கள். படிப்பைப் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள். மதிய உணவு நேரத்தில் யாரோடு உட்காருகிறான் என்று நீங்கள் கேளுங்கள். தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தைய வாரம் அமெரிக்கக் கல்வி வாரம். 1921-இல் தொடங்கியது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்தின் மேல் மக்களுக்கு அக்கறை வர வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளியில் அந்த வாரம் பெற்றோர் அரை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம்.

நான் சொதப்பியது தெரிந்ததும் அந்த வாரத்தில்தான். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங், அன்றைக்கு வான்கோழி விருந்து. அதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு காகித வான்கோழியைக் கொடுத்தனுப்பி, யாரும் பிடித்துச் சமைக்காதபடி மாறுவேடம் போட்டுவிடுங்கள், குடும்பமாகச் செய்யுங்கள் என்பார்கள். உங்களுக்கும் வரும், தயாராக இருங்கள்.

கிண்டர்கார்டன் வருடம் அதை நான் ராத்திரி பதினோரு மணிக்கு, மகள் தூங்கிய பிறகு, மயிலாக மாற்றினேன். பட்டுத் துணி, ஜிகினா, கோலம் போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பள்ளிக்குப் போய்ப் பார்த்தால், தாழ்வாரச் சுவர் முழுக்கக் கோணல்மாணலான வான்கோழிகள். பசை வழிந்த தீயணைப்பு வீரன், ஒரு கண் விழுந்துபோன கடற்கொள்ளைக்காரன். நடுவில் என் மயில், கல்யாணப் பத்திரிகை மாதிரி. என் மகள் அதன் முன்னால் நிற்கவில்லை. தோழி செய்த பீட்சா வான்கோழியைக் காட்டி, இந்த சிவப்பு எப்படி வந்தது தெரியுமா என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் நான் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. அம்மாயியும் பேத்தியும் உட்கார்ந்து, பூம்பூம் மாடு என்று முடிவு செய்தார்கள். ஊரில் வாசலுக்கு வரும் பூம்பூம் மாட்டை என் மகள் பார்த்ததில்லை. அம்மா தலையை ஆட்டி நடித்தே காட்டினார். பழைய ரவிக்கைத் துணியில் முதுகுப் போர்வை, கொம்புக்குக் குஞ்சம். பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை எடுத்துத் தலையை அதில் ஒட்டியது மகளின் யோசனை. கோணலாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அவளுக்கே சந்தேகம் வந்தது. "ஆனா இங்க மாட்டையும் சாப்பிடுவாங்களே?" அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கீழே எழுதும் பகுதியில் மகள் இப்படிச் சமாளித்தாள்: "நான் சாதாரண மாடு இல்லை. எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்லும் மாடு. அதனால் என்னைச் சாப்பிடக் கூடாது."

தாழ்வாரத்தில் ஒரு பையன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "உன்னைச் சாப்பிடலாமா?" என்று கேட்டு, தலையைச் சுண்டிவிட்டான். அது பாட்டுக்கு ஆமாம், ஆமாம் என்று ஆடிக்கொண்டே இருந்தது.