தராசடியில் ஒரு பெட்டி

அன்புள்ள அக்கா,
நீங்கள் மென்பொருள் வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். கோத்தகிரியில் பசுந்தேயிலை வாங்கும் ஏஜென்டுகளுக்காக ஒரு ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறேன். விவசாயி எண், எடை, சாக்குக் கழிவு (சாக்கின் எடைக்காகக் குறைப்பது), ஈரக் கழிவு (இலையின் ஈரத்துக்காகக் குறைப்பது) நான்கையும், திரைமேல் எழும்பும் ஒரே டயலாக் பெட்டியில் கேட்க வேண்டும். பெட்டிக்குள் கட்டத்தை வைக்கும் செட்வியூ (setView) என்ற கட்டளையை நான்கு தடவை கொடுத்தும் கடைசிக் கட்டம் மட்டும்தான் தெரிகிறது. செயலிக்கு ஒரு தமிழ்ப் பெயரும் சொல்லுங்கள்.
ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,
செட்வியூ ஒரே ஒரு வியூவைத்தான், அதாவது திரையில் தெரியும் ஒரே ஒரு உறுப்பைத்தான், வைத்துக்கொள்ளும். அடுத்தது வந்தால் முந்தையது போய்விடும். உறுப்புகளை வரிசையாக அடுக்கும் லீனியர்லேஅவுட் (LinearLayout) ஒன்றில், தட்டி எழுதும் கட்டங்களான நான்கு எடிட்டெக்ஸ்டையும் (EditText) மேலிருந்து கீழாக அடுக்கி, அதை ஒரு தடவை கொடுங்கள். அவ்வளவுதான். பெயரெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஆனால் தராசடிக்கு இந்தப் பெட்டியை ஏன் கொண்டுபோகிறீர்கள்? வெளியே விரல் பட்டால் மூடிக்கொள்ளும், தட்டியதெல்லாம் போச்சு. எடையை எழுதாமல் 'சரி'யை அழுத்தினாலும் மூடிக்கொள்ளும். நீங்கள் தனியாகத் தடுத்தால்தான் நிற்கும். கீபோர்டு எழும்பினால் பாதித் திரை காணாது. ஐப்பசி மழையில் ஈரக் கையோடு தட்டுகிற ஆளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தீர்களா? எதிரே இலையோடு நிற்கிறவளையாவது?

என் அம்மா முப்பது வருடம் ஏஜென்டிடம் தேயிலை போட்டவர். எங்கள் ஏஜென்ட் எடையை எழுதியதும் நோட்டை அம்மா பக்கம் திருப்பிவைப்பார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு நாள் அந்த ஏஜென்டுக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். நோட்டைத் திருப்பவில்லை. தராசில் 22 கிலோ. மாதக் கடைசியில் சீட்டில் 19. ஈரக் கழிவாம். அன்று பொட்டு மழை கிடையாது! நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள்கூட முழுசாகத் தேறாத தொழிலில், மூன்று கிலோ என்பது சரிவில் குனிந்து பறித்த ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

விலையாவது, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிப்பதால் ஊருக்கே தெரிந்துவிடும். எடையும் கழிவும் அந்த இடத்தில் நிற்கிறவர்கள் பார்த்தால்தான் உண்டு.

அதனால் முழுத் திரையாகவே செய்யுங்கள். எடையும் கழிவும் பெரிய எண்ணில், போனைத் திருப்பினால் எதிரே நிற்பவருக்குத் தெரியும்படி இருக்கட்டும். அதைக் காட்டிய பிறகுதான் சேமிக்க வேண்டும். ஈரக் கழிவில் 0 தானாக நிற்கட்டும். குறைக்கிறவர் தன் கையால் மாற்றட்டும்.

முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அம்மாவிடம் காட்டுகிறேன்.