குடிநுழைவு, குடியுரிமை விஷயத்தில் வேட்பாளர் உண்மையில் என்ன செய்தார் என்று எப்படிச் சரிபார்ப்பது?

மலேசியாவின் பினாங்கில் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு ஓட்டு; வேட்பாளர் எந்தத் தொகுதிக்கு நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். குடிநுழைவும் குடியுரிமையும் கூட்டரசின் (மத்திய அரசின்) அதிகாரம். சட்டமன்ற வேட்பாளர் "சிவப்பு அடையாள அட்டையை நீலமாக்கித் தருவேன்" (நிரந்தரவாசியைக் குடிமகனாக்குவேன்) என்றால், அவரால் ஆதரவுக் கடிதம்தான் தர முடியும். முடிவு உள்துறை அமைச்சுடையது. அட்டையை நீட்டும் படம் சாதனைக்கு ஆதாரமல்ல.

நாடாளுமன்ற வேட்பாளர் முன்பு உறுப்பினராக இருந்தவரானால், நாடாளுமன்ற இணையதளத்திலுள்ள ஹன்சார்டை, அதாவது அவை உரைகளின் பதிவைத் திறந்து பாருங்கள். அது மலாய் மொழியில் இருக்கும். 'kewarganegaraan' (குடியுரிமை), 'pekerja asing' (வெளிநாட்டுத் தொழிலாளர்) என்று மலாய்ச் சொற்களால் தேடுங்கள். குரல் வாக்கெடுப்பில் பெயர்கள் பதிவாகாது, பலர் தடுமாறுவது இங்கேதான். உறுப்பினர்களை எண்ணி எடுக்கும் பிரிவு வாக்கெடுப்பு நடந்திருந்தால் மட்டுமே யார் ஆதரித்தார், யார் வரவில்லை என்பது பெயரோடு கிடைக்கும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 222 பேரில் 148 பேர் ஆதரவு வேண்டும் என்பதால் அங்கே பெயர்ப் பட்டியல் உண்டு.

ஆனால் 17 அக்டோபர் 2024இல் மக்களவையில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தத்தில் வாக்கு மட்டும் போதாது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குச் சம உரிமை தந்த அதே மசோதா, நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் தானியங்கிக் குடியுரிமையை நீக்கியது. சிவப்பு அட்டைக் குடும்பங்களை நேரே தொடும் பிரிவு இது. அதனால் விவாத உரையைப் படியுங்கள்: அந்தப் பிரிவை எதிர்த்தாரா, தாய்மாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்ந்தாரா?

புதுமுகமா? கட்சியின் நிலைப்பாட்டை எழுத்தில் கேளுங்கள்.