துறவியாக இருந்துகொண்டே ஒருவர் நடுநிலை பிறழாத வரலாற்றாசிரியராக இருக்க முடியுமா?

தன் மதத்தின் வரலாற்றை எழுதும் துறவி அதற்குச் சாதகமாகத்தானே எழுதுவார் என்ற ஐயத்தோடு கேட்டிருக்கிறீர்கள். ஐயம் நியாயமானதே. ஆனால் பழைய ஆவணம் ஒன்று மெய்யா, போலியா என்று சோதிக்கும் முறையை ஐரோப்பாவில் ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவரே புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றும் கத்தோலிக்க சபையான பெனடிக்டைன் சபையின் துறவி ஒருவர்தான். அவர் பெயர் ழான் மபியோன். அவர் முழு நடுநிலையோடு தொடங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அவரைப் படிக்கத் தூண்டுவதே அதுதான்.

1632-இல் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் சேன்-பியர்மோன் என்ற சிற்றூரில் குடியானவர் வீட்டில் பிறந்தார். ரீம்ஸ் நகரில் படித்து, அங்கிருந்த சேன்-ரெமி மடத்தில் 1653-இல் சேர்ந்தார். ஓயாத தலைவலியால் படிப்பைத் தொடர முடியாமல் வெவ்வேறு மடங்களுக்கு அனுப்பப்பட்டார். அவற்றுள் ஒன்று, பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் சேன்-தெனி. 1664-இல் பாரிசின் சேன்-ழெர்மேன்-தெ-ப்ரே மடத்துக்கு வந்து, நூலகத்தைக் கவனித்துவந்த முதிய துறவி லூக் தஷெரிக்கு உதவியாளரானார். அம்மடம் சேன்-மோர் என்ற பெனடிக்டைன் துணைச்சபையைச் சேர்ந்தது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பதையே அச்சபை தன் பணிகளில் ஒன்றாக வைத்திருந்தது. புனித பெர்நார்துவின் நூல்களை 1667-இல் வெளியிட்டதோடு மபியோனின் பெயர் அறிஞர்களிடையே பரவியது.

1675-இல் ஒரு சிக்கல் வந்தது. ஆன்ட்வெர்ப் நகரில் புனிதர் வரலாறுகளை ஆராய்ந்துகொண்டிருந்த இயேசு சபைத் துறவி டேனியல் பாப்பெப்ரோக், பழைய அரச பட்டயங்களைச் சோதிப்பதற்கு விதிகள் சிலவற்றை எழுதி, ஐந்து முதல் எட்டாம் நூற்றாண்டு வரை அப்பகுதியை ஆண்ட மெரோவிங்கிய மன்னர்கள் வழங்கியதாக, மபியோனின் துணைச்சபையையே சேர்ந்த சேன்-தெனி மடத்தில் இருந்த பட்டயங்கள் போலி என்று கூறினார். பழைய மடங்களின் நில உரிமையும் வரி விலக்கும் இத்தகைய பட்டயங்களில்தான் தங்கியிருந்தன. மூலப்பத்திரமே போலி என்று யாராவது சொன்னால் ஒரு குடும்பம் எப்படிக் கலங்கிப்போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

மபியோன் உடனடியாக மறுப்பு எதுவும் எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1681-இல், ‘தே ரே திப்ளோமாத்திகா’ என்ற இலத்தீன் நூலை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். பட்டயவியல் என்ற துறை அந்நூலிலிருந்து தொடங்குகிறது. அதில் அவர் பாப்பெப்ரோக்கின் பெயரைச் சொல்லிச் சண்டையிடுவதை விட, பட்டயம் என்ற பொருளையே ஆராய்கிறார்: எதன்மேல் எழுதப்பட்டது, பாப்பிரஸ் என்ற நாணல் தாளிலா தோலிலா, எந்த மையால், எந்த எழுத்து வடிவில், ஆட்சியாண்டு எப்படிக் குறிக்கப்படுகிறது, மன்னர் எவ்வாறு ஒப்பமிடுகிறார், முத்திரை எப்படிப் பதிக்கப்படுகிறது. ஏதேனும் ஒரு குறை தென்பட்டது என்பதற்காக ஒரு பட்டயத்தைத் தள்ளிவிடக் கூடாது, எல்லா அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது அவருடைய அடிப்படை. உதாரணமாக, மெரோவிங்கிய எழுத்தர்களின் இலத்தீன் இலக்கணப் பிழைகள் மலிந்தது. ஆகவே ஏழாம் நூற்றாண்டுப் பட்டயம் ஒன்றில் பிழைகள் இருப்பது ஐயத்துக்குக் காரணமாகாது. அது செம்மையான இலத்தீனில் இருந்தால்தான் பிற்காலத்தவர் கைவைத்திருக்கிறார்களோ என்று பார்க்க வேண்டும்.

நூலைப் படித்த பாப்பெப்ரோக், தோல்வியை ஒப்புக்கொண்டு மபியோனுக்கே கடிதம் எழுதினார். இவ்வளவு நிறைவான ஒரு நூல் பிறக்கக் காரணமானதைத் தவிர, தான் எழுதியதில் தனக்கு வேறு மகிழ்ச்சி இல்லை என்பது அக்கடிதத்தின் சாரம். அறிஞர் சண்டைகளில் இப்படிப்பட்ட கடிதத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆனால் பாப்பெப்ரோக் முற்றிலும் தவறு செய்யவில்லை. சேன்-தெனி துறவிகள் பதினோராம் நூற்றாண்டில் உண்மையான பழைய பாப்பிரஸ் பட்டயங்களின் பின்பக்கத்தில் போலிப் பட்டயங்களை எழுதிவைத்திருந்தது பிற்கால ஆய்வில் தெரியவந்தது. மபியோன் மெய்யென்று ஏற்றவற்றிலும் சில தேறவில்லை. அதைவிடக் கசப்பானது 1695-இல் நடந்தது. பூயியோன் பிரபுக் குடும்பம் தன் வம்சப் பழமையை நிறுவுவதற்காகக் காட்டிய ஏடுகளை மபியோனும், அவருடைய மாணவர் ருய்னாரும், புகழ்பெற்ற அறிஞர் பலூஸும் பார்த்து, மெய்யானவை என்று சான்றளித்தனர். சில ஆண்டுகளில் அவற்றைப் புனைந்தவன் பிடிபட்டான். விதிகளை வகுத்தவரே ஏமாந்தார் என்று சிலர் இதைச் சுட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை; விதிகளை நன்கு அறிந்த ஒருவன் அவற்றுக்கு ஏற்றபடியே போலி செய்யவும் கற்றுக்கொள்வான் என்பதை யாரேனும் ஒருவர் முதலில் பட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது.

உங்கள் கேள்விக்கு நேரடியான விடை, அவர் 1698-இல் எழுதிய சிறு நூலில் இருக்கிறது என்று கருதுகிறேன். உரோமையின் சுரங்கக் கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்த எலும்புகளை, பெயரும் வரலாறும் தெரியாத நிலையிலும், மறைசாட்சிகளின் (மதத்துக்காக உயிர்விட்டவர்களின்) திருப்பண்டங்கள், அதாவது வணங்குவதற்குரிய உடற்பகுதிகள் என்று பல நாடுகளுக்கு அனுப்பிவந்தனர். அரசரின் நூலகத்துக்கு நூல்கள் திரட்ட 1685-இல் இத்தாலி சென்றிருந்த மபியோன் இதை நேரில் பார்த்திருந்தார். யூசேபியுஸ் ரோமானுஸ் என்ற புனைபெயரில், போதிய சான்றில்லாமல் யாரையும் புனிதராக வணங்குவது தகாது என்று எழுதினார். நூல் உரோமையின் தடைநூல் மன்றம் வரை சென்றது. இறுதியில் 1705-இல் சில பகுதிகளைத் திருத்தி மறுபதிப்பு வெளியிட நேர்ந்தது. பட்டய விவகாரத்தில் தன் சபையைக் காக்க உதவிய அதே அளவுகோலை, தன் திருச்சபைக்குச் சங்கடம் தரும் இடத்திலும் அவர் பயன்படுத்தினார். கீழ்ப்படிந்து திருத்தினார் என்பதும் உண்மை. துறவியாக அவருக்கு இருந்த எல்லை அது.

இதற்கிடையில், துறவிக்குப் படிப்பே வேண்டாம் என்ற வாதத்தையும் அவர் எதிர்கொண்டார். லா த்ராப் மடாதிபதி ரான்சே, செபமும் உடலுழைப்புமே துறவியின் கடமை, கல்வி செருக்கையே வளர்க்கும் என்றார். மபியோன் 1691-இல் அதற்கு விரிவான பதில் எழுதினார். மறுப்பும் மறுமறுப்புமாகப் போன பிறகு, 1693-இல் அவரே லா த்ராப் சென்று ரான்சேயைச் சந்தித்தார்; மனக்கசப்பு தீர்ந்தது.

கடைசி ஆண்டுகளில் பெனடிக்ட் சபையின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதினார். ஆறு தொகுதிகளில் நான்கு, 1707 டிசம்பரில் அவர் இறப்பதற்கு முன் வந்துவிட்டன. ஆறாவது தொகுதி வெளியானது 1739-இல். அவரை நேரடியாக அறிய விரும்பினால், 1681 நூலின் ஐந்தாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். பல நூற்றாண்டுக் கையெழுத்துகளின் மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருக்கிறார்கள். இலத்தீன் தெரியாதவரும் எழுத்து வடிவம் எப்படி மாறிவந்தது என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.