திறக்கப் பாடியவரும் அடைக்கப் பாடியவரும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். சில, சிற்றிதழ்களிலும் இணைய இதழ்களிலும் வந்திருக்கின்றன. நானும் என் கல்லூரி நண்பன் ஒருவனும் ஒன்றாகத்தான் எழுத ஆரம்பித்தோம். முதல் கதைகளை ஒருவருக்கொருவர் திருத்திக்கொடுத்தோம். இப்போது அவனுடைய இரண்டாவது தொகுப்பு வந்துவிட்டது. அதில் 'தானே' புயலைப் பற்றிய கதைக்கு ஒரு பரிசும் கிடைத்திருக்கிறது.

அந்தப் புயலை எழுத வேண்டும் என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தாவின் முந்திரித் தோப்பு 2011 டிசம்பர் 30 காலையில் ஒட்டுமொத்தமாகச் சாய்ந்துவிட்டது. விழுந்த மரங்களை வெட்டத் தாத்தா சம்மதிக்கவில்லை. பூக்கிற மாதம் வரட்டும் என்று சொல்லி விறகு வியாபாரிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். இனி நான் இதை எழுதினால் நண்பனைப் பார்த்து எழுதியதாகத்தான் சொல்வார்கள்.

காலையில் எழுந்ததும் அவனுடைய முகநூல் பக்கத்தைப் பார்க்கிறேன். பார்த்த பிறகு எழுத முடிவதில்லை. புதுமைப்பித்தன் 42 வயதில் இறந்தே போனார், எனக்கு இன்னும் நான்கு வருடம்தான் இருக்கிறது என்று வேறு கணக்குப் போடுகிறேன். அவரும் ஜெயகாந்தனும் பிறந்த ஊர் இது. அவர்களை வாசிக்கும்போது எரிச்சல் வருவதில்லை. இவனை வாசித்தால் வருகிறது. அடுத்த மாதம் கடலூரில் அவனுடைய புத்தகத்துக்கு அறிமுகக் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறான். போகலாமா? இந்த ஒப்பிடும் பழக்கத்தை எப்படி விடுவது?

ச., கடலூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் நண்பரின் அந்தக் கதையை வாசித்திருக்கிறேன். நல்ல கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவர்கள் அந்த இன்னொருவரின் எழுத்தைக் கொஞ்சம் மட்டம் தட்டி, உங்களுக்கும் காலம் வரும் என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு தட்டும் என்னிடம் கிடைக்காது.

ஒப்பிடும் பழக்கத்தை எப்படி விடுவது என்கிறீர்கள். ஏன் விட வேண்டும்? ஒரு வாக்கியத்தை எழுதி, அடித்து, வேறு மாதிரி எழுதிப் பார்த்து, முதலில் எழுதியதே தேவலை என்று திரும்பிப் போகிறோமே, அது முழுக்க ஒப்பீடுதான். அது இல்லாவிட்டால் எழுதுகிறவருக்கு வேலையே இல்லை. உங்கள் சிக்கல், தராசில் ஆட்களை ஏற்றி உட்கார வைத்திருப்பது. ஒரு தட்டில் அவர், அவருடைய இரண்டு தொகுப்பு, பரிசு, பதிப்பகம். மறு தட்டில் நீங்கள், அலுவலகம், பத்துப் பன்னிரண்டு கதை. இப்படி நிறுத்துக் கிடைக்கிற விடையை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவீர்கள்? எந்தப் பத்தியை மாற்றுவீர்கள்?

புதுமைப்பித்தனை வாசித்தால் வராத எரிச்சல் நண்பரை வாசித்தால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே கூர்மையான இடம் அதுதான். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன் திறமையை அளக்கப் புறத்தில் ஓர் அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரை வைத்து அளந்துகொள்கிறார்கள். அதிலும் தனக்கு நெருங்கிய திறமை உடையவரைத்தான் தேடுகிறார்கள். இடைவெளி கூடக்கூட ஒப்பிடும் வேகம் குறைந்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். கதைக்கு மீட்டரும் கிடையாது, கிலோவும் கிடையாது. அதனால் பக்கத்து நாற்காலிக்காரர் அளவுகோலாகிவிடுகிறார். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவரும் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவரும் உங்களுக்குப் போட்டி இல்லை என்று உங்கள் மனம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. (இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களை ஊர்ப் பெருமையாக்கி அலமாரியில் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.)

சரி, பக்கத்து நாற்காலிக்காரரை என்ன செய்வது? உங்கள் தாத்தாவின் தோப்பிலிருந்து அதிக தூரம் இல்லாத திருவாமூரில் பிறந்த ஒருவரைப் பார்க்கலாம். அப்பர். இளமையில் பெற்றோரை இழந்து அக்கா திலகவதியால் வளர்க்கப்பட்டவர். சமணத்துக்குப் போய், திருவதிகைக்குத் திரும்பி வந்து, தாமதமாகப் பாடத் தொடங்கியவர். அவர் காலத்திலேயே சீர்காழியில் ஒரு பிள்ளை மூன்று வயதில் பாட ஆரம்பித்துவிட்டது. இவரை அப்பரே என்று அழைத்ததும் அந்தப் பிள்ளைதான், சம்பந்தர்.

இருவரும் சேர்ந்து திருமறைக்காட்டுக்கு, அதாவது வேதாரண்யத்துக்குப் போகிறார்கள். அங்கே கோயிலின் நேர்வாயில் கதவு நெடுங்காலமாக அடைத்தே கிடக்கிறது. திறக்கும்படி பாடச் சொல்லி அப்பரைக் கேட்கிறார் சம்பந்தர். அப்பர் பாடுகிறார். கதவு அசையவில்லை. மேலும் பாடுகிறார். பதிகம் முடிகிற நேரத்தில்தான் திறக்கிறது. இனி வழக்கம்போல் திறக்கவும் மூடவும் வேண்டும் என்று சம்பந்தர் அடைக்கப் பாடுகிறார். முதல் பாட்டிலேயே கதவு சாத்திக்கொள்கிறது. அன்று இரவு அப்பருக்கு நிம்மதி இல்லை. தான் பாடித் திறக்க அவ்வளவு அரிதாக இருந்தது, பிள்ளை பாடி அடைக்க இவ்வளவு எளிதாக இருந்ததே என்று கவலையோடு படுத்திருந்தார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். இறைவனின் திருவுள்ளத்தை அறியாமல் போனோமே என்ற வருத்தம் அது என்று பக்தர்கள் பொருள் கொள்வார்கள். நான் மறுக்கவில்லை. ஆனாலும் அதில் எனக்கு எழுதுகிறவர் ஒருவரின் இரவும் தெரிகிறது.

அந்தக் கவலை அவரோடு திருவாய்மூருக்குப் போகிறது. சம்பந்தரும் பின்னாலேயே வந்துவிடுகிறார். அங்கே அப்பர் பாடிய பதிகத்தில் இந்த வரி இருக்கிறது: "திறக்கப் பாடிய என்னினும் செந்தமிழ் உறைப்புப் பாடி அடைப்பித்தார் உந்நின்றார்." திறப்பதற்காகப் பாடிய என்னைவிட, செந்தமிழை உறுதியாகப் பாடி அடைக்கச் செய்தவர் இதோ நிற்கிறார், இவரிடமிருந்து உன்னை மறைத்துக்கொள்ள உன்னால் முடியுமா என்று சிவனைக் கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒப்பீட்டை அவர் விழுங்கவில்லை. அவர் என்னைவிடப் பெரியவர் எல்லாம் இல்லை என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஆள் பக்கத்தில் நிற்கும்போதே பாட்டில் வைத்துவிட்டார். வைத்ததோடு விடாமல், அதையே ஆயுதமாக்கி இன்னொருவருக்காக இறைவனோடு வழக்காடுகிறார். பதிகத்தில் அது ஒரு பாட்டுத்தான். அடுத்த பாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது, அங்கே போய்விடுகிறார்.

இதற்குப் பிறகு அவர் சம்பந்தரைப் போல எழுத முயன்றாரா? முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்று, எண்கள் ஏறி இறங்கும் எழுகூற்றிருக்கை என்றெல்லாம் சம்பந்தர் சொற்களை வைத்து விளையாடுவார். அப்பர் அந்தப் பக்கம் போகவில்லை. தாண்டகம் என்ற பாவகையைப் பிடித்துக்கொண்டார். ஆறாம் திருமுறை முழுவதும் அதுதான்.

புயலை நண்பர் எழுதிவிட்டார், இனி எனக்கு என்ன மிச்சம் என்கிறீர்களே, உங்கள் ஊர்ப் பாடலீசுவரர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் பாடியிருக்கிறார்கள். சம்பந்தரின் பதிகம், கால் முடங்கிய முயலுக்கு இறைவன் அருள்செய்ததைச் சொல்லிக்கொண்டு, புன்னை மணத்தோடு ஊருக்குள் நுழைகிறது. அப்பருடையது "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்" என்று தொடங்குகிறது. கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டு அங்கே கரையேறியதாகப் புராணம் சொல்கிற மனிதர், முதல் அடியிலேயே தாயையும் தந்தையையும் கூடப்பிறந்தவரையும் தேடுகிறார். அக்கா வளர்த்த பிள்ளைக்குத்தான் அப்படி வரும். ஒரே கோயில், ஒரே சாமி. யார் முதலில் பாடினார் என்று பார்த்து மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நமக்கு ஒன்றுதான் கிடைத்திருக்கும்.

வயதுக் கணக்கைப் பற்றி: உங்கள் கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. நான் வேறு ஒரு கணக்குச் சொல்கிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற கிராமத்தில் 1923 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கு. அழகிரிசாமி, இன்னொருவர் கி. ராஜநாராயணன். சிநேகிதர்கள். அழகிரிசாமி இளவயதிலேயே சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை செய்து, மலேயாவில் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றி, பேர் சொல்லும் எழுத்தாளராகிவிட்டார். கி.ரா. ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் சிறுகதை 'சரஸ்வதி'யில் வந்தது 1958இல். அப்போது வயது 35. பிற்காலத்தில் அவர் எங்கள் புதுச்சேரிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் நாட்டாரியல் பேராசிரியராக இருந்து, 2021இல் மறையும்வரை இலாசுப்பேட்டையில்தான் வாழ்ந்தார்.

தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் கி.ரா. ஆகிவிடுவார்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆகமாட்டார்கள். பெரும்பாலானோர் ஒன்றிரண்டு நல்ல கதைகளோடு நின்றுவிடுவார்கள், நானும் உட்பட. அதிலும் அவமானம் ஒன்றும் இல்லை. நான் காட்ட விரும்புவது வேறு. 'ராஜா வந்திருக்கிறார்', 'கதவு' இரண்டையும் ஒரே உட்காரலில் வாசியுங்கள். ஒரே கரிசல், ஒரே வறுமை, இரண்டிலும் குழந்தைகள். அழகிரிசாமியின் குழந்தைகள் வீட்டுக்குத் தீபாவளிக்கு முதல் நாள், போக்கிடம் இல்லாத ஒரு பையன் வந்து சேர்கிறான். கி.ரா.வின் குழந்தைகள் தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகப்பட்ட கதவைத் தேடிப் போகிறார்கள். முதலாவதில் பேச்சு மெல்ல மெல்லச் சேர்ந்து தாயின் மனத்தில் வந்து இறங்குகிறது. இரண்டாவதில் ஒரு பொருளே போதுமானதாக இருக்கிறது. ஒருவர் எழுதிய பிறகு இன்னொருவர் எழுதத் தேவையில்லை என்று இந்தக் கதைகளைப் பார்த்து யாராவது சொல்லட்டும்.

இப்படித்தான் நண்பரையும் வாசிக்கச் சொல்கிறேன், கையில் பென்சிலோடு. முதல் இரண்டு பக்கமும் காற்றும் மழையும். செய்தித்தாளில் பார்த்தது போலவே இருக்கிறது, எனக்குத் தேவைப்படவில்லை. கூரை போன வீட்டில் அந்த அம்மாள் நனைந்த ரேஷன் அட்டையைத் தோசைக்கல்லில் போட்டு உலர்த்துகிறாளே, கதை அங்கேதான் எழுந்து உட்காருகிறது. எப்படிச் செய்தார் என்று பாருங்கள். அவளுக்கு ஒரு பெருமூச்சுகூடக் கொடுக்கவில்லை. கல்லைக் கழுவினாள் என்று எழுதுகிறார், எதற்கு என்று சொல்லாமல். அட்டை கல்லில் விழும்போதுதான் நமக்குத் தெரிகிறது. உங்கள் கதைகள் எதிலாவது இந்தப் பொறுமை இருக்கிறதா? நீங்கள் அனுப்பியிருந்த இணைப்புகளில் இரண்டைப் படித்தேன். பாத்திரம் கண் கலங்குவதற்கு ஒரு வரி முன்னாலேயே நீங்கள் கலங்கிவிடுகிறீர்கள். இதைக் கண்டுபிடிக்க உதவுகிற ஒப்பீடு எனக்கு வேண்டும். எத்தனை தொகுப்பு என்று எண்ணுகிற ஒப்பீட்டை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

தாத்தாவுக்கு வருகிறேன். அவரை இரண்டு மூன்று வரியில் கடந்துபோய்விட்டீர்கள், எனக்கோ அதற்கு மேல் கடிதத்தில் நகரவே முடியவில்லை. விறகு வியாபாரி என்ன விலை சொன்னான்? முதல் முறை சொன்ன விலையும் கடைசி முறை சொன்ன விலையும் ஒன்றா? வீட்டில் யார் யார் வெட்டிவிடலாம் என்றார்கள்? பாதி வேர் மண்ணில் இருந்த மரம் ஒன்றாவது பூத்ததா? பூத்தால் தாத்தா அதை யாரிடமாவது சொன்னாரா, சொல்லாமல் இருந்தாரா? நண்பரின் கதையில் புயல் அன்று மாலைக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் தாத்தாவுக்கு அது மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. பார்த்து எழுதியதாகச் சொல்வார்கள் என்றால் சொல்லட்டும். சிறுகதை வாசிக்கிற நம் கூட்டம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். இரண்டையும் வாசித்து ஒப்பிடுகிற அளவுக்குப் பொறுமையுள்ளவர் ஒருவர் அகப்பட்டால் அவரை விட்டுவிடாதீர்கள்.

முகநூலைப் பற்றி நீண்ட அறிவுரை ஒன்றும் இல்லை. காலையில் எழுதுங்கள், அலுவலகம் போகும்போது பஸ்ஸில் பாருங்கள்.

கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். புத்தகத்தை அன்பளிப்பாக வாங்கிக்கொள்ளாமல் காசு கொடுத்து வாங்குங்கள். பேசும்போது கல்லூரி நாட்களின் நட்பைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், பரிசைப் பற்றி ஒன்றுமே வேண்டாம். மற்றவர்கள் போதுமான அளவு பேசுவார்கள். தோசைக்கல்லைப் பற்றிப் பேசுங்கள். இந்த இடத்தை என்னால் இப்படி எழுதியிருக்க முடியாது என்று தோன்றினால் அதையும் மேடையிலேயே சொல்லிவிடுங்கள், அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது. முதல் இரண்டு பக்கம் தேவையில்லை என்று நீங்களும் நினைத்தால் அதைத் தேநீர் நேரத்தில் தனியாகச் சொல்லுங்கள்.

தாத்தா கதையை முடித்ததும் எனக்கு அனுப்ப வேண்டாம், தம்பி. எனக்குப் பண்ருட்டித் தோப்புகளைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் தெரியும், நீங்கள் என்ன எழுதினாலும் தலையாட்டிவிடுவேன். முதலில் நண்பரிடம் கொடுங்கள். அந்தக் காலையில் அந்தக் காற்றுக்குள் இருந்தவர் அவர். எங்கே கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பரிசுக் குழுவுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
வ.
புதுச்சேரி