அப்பா திதிக்கு நான் நிக்கலாமா, கூடாதா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல அம்மாவோட இருக்கேன். ஞானஸ்நானம் எடுத்து மூணு வருஷம் ஆச்சு, வீட்ல நான் மட்டும்தான் கிறிஸ்டியன். போன வருஷம் அப்பா தவறிட்டாரு. அடுத்த மாசம் வருஷ திதி, ஞாயித்துக்கிழமைல வருது. ஒரே பையன் நீதான் செய்யணும்னு அம்மா அழுவுறாங்க, சர்ச்ல எங்க சின்ன ஜெபக் குழுவ நடத்துற செல் குரூப் லீடர் அந்தப் பக்கமே போவாதன்றாரு. சம்பளத்துல பத்துல ஒரு பங்கு, அதான் தசமபாகம், சர்ச்சுக்கு குடுக்க ஆரம்பிச்சதும் அம்மாவுக்கு மாசாமாசம் குடுக்குற 600 வெள்ளிய 300 ஆக்குனேன், அந்தக் கோவம் வேற. மத்தேயு 10:37 படி நான் கர்த்தர் பக்கம்தானே நிக்கணும்?

பதில்: தம்பி, நீங்க கேட்டது திதியப் பத்தி, ஆனா என் கண்ணுல குத்துனது அந்த 300 வெள்ளிதான், அத முதல்ல பேசிடுவோம்.

"தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல"ன்னு இயேசு சொன்னது நெசம், அத நான் தண்ணி ஊத்தி கலக்க மாட்டேன். அதே இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்துல யார திட்டுறாருன்னு பாருங்க. அப்பா அம்மாவுக்கு சேர வேண்டியத "கொர்பான்", அதாவது கடவுளுக்கு காணிக்கையா வச்சிட்டேன்னு சொல்லிட்டு கைய விரிச்சவங்கள. உங்க பாரம்பரியத்தால தேவ வசனத்தையே அவமாக்குறீங்கன்னு முகத்துக்கு நேராவே கேட்டாரு. நீங்க தசமபாகம் குடுங்க, நல்லது, ஆனா அத உங்க சாப்பாடு, ஹாலிடே, புது போன் இதுலேர்ந்து எடுங்க, அம்மா பங்குலேர்ந்து எடுக்காதீங்க. சொந்த வீட்டார விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு 1 தீமோத்தேயு 5:8ல பவுல் எழுதிருக்காரு. நம்மூர்ல இதுக்கு 1995லயே சட்டம் போட்டுட்டாங்க, 60 வயசு தாண்டி பொழப்புக்கு வழியில்லாத பெத்தவங்க பிள்ளைங்ககிட்ட பராமரிப்பு கேக்கலாம்னு. சட்டம் வந்து சொல்ற வரைக்கும் விசுவாசி காத்திருக்கக் கூடாதுல்ல. இந்த மாசமே பழையபடி 600 குடுங்க.

இப்ப திதி. பிண்டம் வைக்கிறது, எள்ளும் தண்ணியும் விடறது, படையலுக்கு முன்னாடி விழுந்து கும்பிடறது, இதெல்லாம் வழிபாடு, உங்க மனசாட்சி இடம் குடுக்கலன்னா செய்யாதீங்க, அம்மா அழுதாலும் செய்யாதீங்க. ஆனா அந்த எல்லைய ரொம்ப இழுத்து வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்துடாதீங்க. லீடர் நல்ல எண்ணத்துலதான் சொல்லிருப்பாரு, இருந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்ல. 2 இராஜாக்கள் 5ல சீரியா படைத்தலைவன் நாகமான், கர்த்தர நம்புனப்புறம் என்ன கேட்டான்? என் ராஜா ரிம்மோன்ற அவங்க சாமி கோயில்ல பணியறப்ப என் கைல சாஞ்சுக்குவாரு, நானும் கூட குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இத மன்னிக்கணும்னான். தீர்க்கதரிசி எலிசா அவன வேலைய விட்டுட்டு வான்னு சொல்லல, "சமாதானத்தோடே போ"ன்னுதான் அனுப்புனாரு. நீங்க குனியக்கூட வேணாம், பக்கத்துல இருந்தா போதும்.

அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க, அன்னிக்கு காலைல அய்யர் வந்து உக்காந்தப்புறம் சொன்னீங்கன்னா சொந்தக்காரங்க முன்னாடி அவங்களுக்கு எவ்ளோ அவமானம்! சித்தப்பா இல்ல பங்காளி பையன் யாராவது சடங்க செய்ய முடியுமான்னு நீங்களே போன் போட்டு கேளுங்க, அத அம்மா தலைல கட்டாதீங்க. மத்ததெல்லாம் உங்க பொறுப்பு, தேக்கா மார்க்கெட்ல காய்கறி வாழையிலை வாங்குறது, பெரியவங்கள கார்ல கூட்டிட்டு வர்றது, சமையல் செலவு, இலை போட்டு பரிமாறுறது, எல்லாம். படைச்சத சாப்பிடலாமா கூடாதான்னு பவுல் காலத்து கொரிந்து சபையிலயே அடிச்சிக்கிட்டாங்க, உறுத்துனா படைக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு கொஞ்சம் தனியா எடுத்து வைங்கம்மான்னு சொல்லுங்க, எந்த அம்மாவும் அதுக்கு சண்டை போட மாட்டாங்க.

ஞாயிறு ஆராதனைய நெனச்சு கவலைப்படாதீங்க, இங்க சனிக்கிழமை சாயங்காலம் சர்வீஸ் நடத்துற சர்ச்சும் இருக்கு. ஆராதனைக்கப்புறம் இருக்குற மீட்டிங், பிராக்டிஸ், லஞ்ச் எல்லாத்தையும் அன்னிக்கு விட்டுடுங்க, அதெல்லாம் சர்ச் டைம்டேபிள், கர்த்தரோட கட்டளை இல்ல. லீடர் கேட்டா மாற்கு 7 சேர்ந்து படிக்கலாமா பிரதர்னு மரியாதையா கேளுங்க.