பனிச்சறுக்கு முடிந்தபின் அணியும் கதகதப்புச் சப்பாத்து கால்களுக்கு நல்லதா?

கேள்வி: நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறோம். 19 வயதான என் மகன் குளிர்கால வார இறுதிகளில் நண்பர்களோடு கொலிங்வுட் பக்கத்திலுள்ள புளூ மவுண்டன் மலைக்கு, பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்நோபோர்ட் செய்யப் போகிறான். மாலையில் பூட்ஸைக் கழற்றும்போது கால்விரல்கள் வெளிறி, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருக்கின்றனவாம். உடனே, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, நாடா இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் குளிர்காலச் சப்பாத்து ஒன்றை வெறுங்காலோடு போட்டுக்கொண்டு, அதோடேயே காரோட்டி வீட்டுக்கு வருகிறான். மறுநாள் விரல்களின் மேற்புறம் சிவந்து தடித்து, பொறுக்க முடியாத அரிப்பு. இது அந்தச் சப்பாத்தினால் வருகிறதா? நீண்டகாலமாக நீரிழிவு உள்ள என் கணவரும் அதேபோல ஒரு சோடி வாங்கி, வாசலில் பனி தள்ளும்போது போடுகிறார். அதைவிட, போன வாரம் மகன் சறுக்கி விழுந்ததில் கணுக்காலின் வெளிப்பக்கம் நோகிறது. பூட்ஸ் போட முடியவில்லை, இந்தச் சப்பாத்துத்தான் சுகமாக இருக்கிறது என்கிறான்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காலை நேரில் பார்க்காமல் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் நீங்கள் விவரித்திருப்பதைக் கொண்டு பார்த்தால், மகனின் விரல்களில் மறுநாள் தோன்றுவது 'சில்பிளெயின்' என்று வைத்தியர்கள் அழைக்கும் குளிர்த் தடிப்பாகவே இருக்கக்கூடும். தோல் உறைந்துபோகும் அளவுக்குக் குளிர் இல்லாவிட்டாலும், ஈரமும் குளிரும் சேர்ந்து பல மணி நேரம் விரல்களைத் தாக்கும்போது அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் இறுகிச் சுருங்குகின்றன. பின்னர் சடுதியாகச் சூடு படும்போது அவை சீராக விரியாமல், அவற்றிலிருந்து நீர் கசிந்து, சுற்றியுள்ள தோலில் அழற்சி உண்டாகி, வீக்கமும் எரிவும் அரிப்பும் தோன்றுகின்றன. குளிர் பட்டுப் பல மணி நேரம் கழித்தே இவை வெளித்தெரிவதால்தான், மலையில் இருக்கும்போது ஒன்றுமில்லாமல் மறுநாள் காலையில் அரிக்கிறது. வழக்கமாக இரண்டு மூன்று வாரங்களில் தானாக ஆறிவிடும். சொறிந்து புண்ணாக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மீண்டும் மீண்டும் வந்தாலோ, குளிர்காலம் முடிந்த பின்பும் மறையாவிட்டாலோ குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்களும் இதே தோற்றத்தில் வருவதுண்டு.

ஆகவே சப்பாத்து இதை உண்டாக்கவில்லை. ஆனால் அது பயன்படுத்தப்படும் விதம் இதற்குத் துணைபோகிறது என்பதே என் கருத்து. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சப்பாத்துகளைப் பற்றிப் பலருக்கும் ஒரே தவறான எண்ணம் இருக்கிறது.

உள்ளே பஞ்சோ இறகோ வைத்துத் தைத்த சப்பாத்து எதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே போகவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்கில் சுடுதண்ணீர் ஊற்றினால் சூடாகவும், குளிர்ந்த நீர் ஊற்றினால் குளிராகவும் இருப்பதைப் போல, சூடான காலை அது சூடாக வைத்திருக்கும், விறைத்த காலையோ நீண்ட நேரம் விறைப்பிலேயே வைத்திருக்கும். அதோடு, காலையிலிருந்து மாலை வரை காரின் பின்பெட்டியில் கிடந்த சப்பாத்து, வெளியில் −12 பாகை என்றால் தானும் ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் இருக்கும். அதை அப்படியே அணிந்தால், ஏற்கெனவே இரத்தம் குறைந்துபோன விரல்கள் முதலில் அந்தச் சப்பாத்தைச் சூடாக்கிவிட்டுத்தான் தாம் சூடேற முடியும். எனவே முதல் மாற்றம் மிக எளியது: சப்பாத்தைக் காரில் விடாமல், மலையடிவாரக் கட்டடத்திலுள்ள லொக்கரில், ஒரு சோடி உலர்ந்த கம்பளிக் காலுறையோடு சேர்த்துப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது எதிரி ஈரம். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. இறுக்கமான பூட்ஸுக்குள் நாள் முழுவதும் உடலை வருத்தும்போது வெளியாகும் வியர்வை உட்பூட்ஸிலும் காலுறையிலும் தேங்கிவிடும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவது. ஆகவே துடைக்காத வெறுங்காலைப் புதுச் சப்பாத்துக்குள் நுழைத்தால், அந்த ஈரம் அப்படியே உள்ளேயிருக்கும் மென்துணிக்கு மாறி, அடுத்த முறை அணியும்போதும் அங்கேயே இருக்கும். வெறுங்காலில் அணிவது வசதிதான். ஆனால் காலுறை இல்லாமல் இந்தச் சப்பாத்தை அணியவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அதுவும் வேண்டாம். மெரினோ கம்பளி நல்லது.

பூட்ஸைக் கழற்றியதும் மகன் செய்ய வேண்டியது, காலை உள்ளே நுழைப்பதற்கு முன் அதைக் கண்ணால் பார்ப்பது. வாங்கில் உட்கார்ந்து ஈரக் காலுறையை உரித்தெடுத்தால், கணுக்காலுக்கு மேலே காலுறையின் வரிகள் தோலில் பதிந்திருக்கும். அது ஒன்றும் செய்யாது. பார்க்க வேண்டியவை விரல் நுனிகள். எங்களுடைய தோல் நிறத்தில் வெளிறல் என்பது வெள்ளையாகத் தெரியாமல், சாம்பல் பூத்ததுபோலவோ மங்கிய மஞ்சளாகவோ தெரியலாம். சிவப்பும் சிவப்பாக இல்லாமல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கலாம். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் பெருவிரல் நகத்தை ஒரு முறை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும்: சூடான காலில் இரண்டு மூன்று நொடிகளில் நிறம் திரும்பும், விறைத்த காலில் தாமதமாகும். விரல் நுனியைக் கிள்ளினால் தோல் மெத்தென்று இருக்கிறதா, மெழுகைப் போல் கெட்டியாக இருக்கிறதா என்பதே எல்லாவற்றையும்விட முக்கியமானது.

மெத்தென்று இருந்து, சற்று நேரத்தில் ஊசி குத்துவதுபோல உணர்ச்சி திரும்பினால் அது மேலோட்டமான குளிர்ப் பாதிப்பு மட்டுமே. விரலிடுக்குகள் உட்பட நன்றாகத் துடைத்து, அறைச் சூட்டில் ஒரு பத்து நிமிடம் விரல்களை மடக்கி நீட்டி, பிறகு உலர்ந்த காலுறை, பிறகு சப்பாத்து. ஹீட்டருக்கு நேரே காலை நீட்டுவதும், உணர்ச்சியற்ற தோலில் சூட்டுப் பொட்டலங்களை ஒட்டுவதும் கூடாது. மரத்த தோல் சுடுவதை உணராததால் தீப்புண் வந்துவிடும். குளிர்த் தடிப்புக்கும் இந்தத் திடீர்ச் சூடு ஆகாது. காரில் வரும்போது அவர் ஹீட்டரைக் கால்பக்கம் முழுவேகத்தில் திருப்பிவிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தோல் கெட்டியாகி, நிறமும் உணர்ச்சியும் திரும்பாமல் இருந்தாலோ, கொப்புளம் கண்டாலோ அது உறைகாயம். அப்போது எந்தச் சப்பாத்தும் மருந்தாகாது. மலையிலுள்ள முதலுதவிக் குழுவிடம் உடனே போக வேண்டும். மீண்டும் உறையும் வாய்ப்பு இல்லாத இடத்தில் மட்டுமே, 37 முதல் 39 பாகை வரையுள்ள இளஞ்சூட்டு நீரில், தோல் நெகிழ்ந்து நிறம் திரும்பும் வரை காலை அமிழ்த்தி வைக்கலாம். தேய்க்கக்கூடாது, பனியால் தேய்ப்பது பழைய, தீங்கான பழக்கம். கடுமையான உறைகாயத்துக்கு இப்போது இலோபுரொஸ்ட் போன்ற மருந்துகள் உள்ளன. 2024 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்திருக்கிறது. ஆனால் இவ்வகைச் சிகிச்சைகள் நேரத்தோடு தொடங்கினால்தான் விரலைக் காப்பாற்றும் என்பதால், 'காலையில் பார்த்துக்கொள்வோம்' என்று படுத்துவிடக்கூடாது. காற்றோடு சேர்ந்த குளிர் −28 ஐத் தாண்டினால் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் திறந்த தோல் உறையத் தொடங்கலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிப்பதையும் அவர் நினைவில் வைத்திருக்கட்டும்.

இனி, விரல்கள் ஏன் ஒவ்வொரு முறையும் விறைக்கின்றன என்ற கேள்விக்கு விடை சப்பாத்தில் இல்லை, ஸ்நோபோர்ட் பூட்ஸில் இருக்கிறது. குதிகால் தூக்காமல் இருக்க வேண்டும் என்று இளைஞர்கள் அதை அளவுக்கு மீறி இறுக்குகிறார்கள்; இரண்டு காலுறை போட்டுத் திணிப்பவர்களும் உண்டு. இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டால் எந்தக் கம்பளியும் உதவாது. மெல்லிய ஒரே காலுறை, உள்ளே விரலை அசைக்க இடம், கதிரைத் தூக்கியில் மேலே போகும்போது மேல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துவது, இரவில் உட்பூட்ஸைக் கழற்றி உலரவிடுவது ஆகியவையே உண்மையான தீர்வு. இவ்வளவு செய்தும் விரல்கள் வெளிறினால், அல்லது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுக்கும்போதே கைவிரல்கள் வெளிறி, பின் நீலமாகி, பின் சிவந்தால், அது 1862 இல் பிரெஞ்சு வைத்தியர் மோரிஸ் ரேனோ விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் இரத்தக் குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். புகைப்பதும், மூக்கடைப்புக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் அதை மோசமாக்கும். விளையாட்டு முடிந்ததும் குடிக்கும் மது உடம்பு சூடேறியதுபோன்ற உணர்வைத் தந்தாலும், தோலின் குழாய்களை விரித்து உடற்சூட்டை வெளியேற்றிவிடும். வாகனம் ஓட்டுபவருக்கு அது ஒருபோதும் வேண்டாம்.

சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பதில் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், குதிகால் திறந்த வகையை விட்டுவிட்டு, பின்பக்கம் மூடிய, கணுக்கால் வரை வரும் வகையையே வாங்கச் சொல்வேன். திறந்த வகையில், பனியில் நான்கு எட்டு வைத்து நடந்தாலே குதிகால் வழியாகப் பனி உள்ளே விழுந்து உருகுகிறது. இறகு நனைந்தால் அமுங்கி, கதகதப்பை இழந்துவிடும். செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு தாங்கும். மேற்புறம் எவ்வளவு உப்பலாக இருக்கிறது என்பதைவிட அடிப்பாகம் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும், ஏனெனில் காலடியிலுள்ள பஞ்சு உடற்பாரத்தில் நசுங்கிவிட, உறைந்த நிலம் கீழிருந்து சூட்டை இழுத்துக்கொள்கிறது.

வழுக்குதல் இன்னும் பெரிய விடயம். ரொறன்ரோ மறுவாழ்வு வைத்தியசாலையின் ஆய்வாளர்கள், பனிக்கட்டித் தரையுள்ள, சாய்க்கக்கூடிய ஓர் ஆய்வறையில் ஆட்களை நடக்கவிட்டு, 98 வகைக் குளிர்காலப் பூட்ஸ்களைச் சோதித்து 2016 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. முறையான பூட்ஸ்களின் நிலையே இதுவென்றால், வீட்டுச் செருப்பைப் போன்ற அடியுள்ள நுழைப்புச் சப்பாத்தோடு வாகனத் தரிப்பிடத்தின் கண்ணாடிப் பனியில் நடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நீங்களே உணர்வீர்கள். அந்த ஆய்வகம் பனித்துகள் அடையாளமிட்டு வெளியிடும் தரவரிசையைப் பார்த்து வாங்குங்கள்.

வண்டி ஓட்டும்போது குதிகால் பிடிப்பில்லாத சப்பாத்து கழன்று பிரேக்கின் அடியில் சிக்கலாம். ஸ்காபரோ வரையான இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்த ஓட்டத்துக்கு வேறொரு சாதாரணச் சப்பாத்தை அணியட்டும்.

உங்கள் கணவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கூடுதல் கவலை உண்டு. பல ஆண்டு நீரிழிவில் பாத நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழப்பதால், பனி உள்ளே புகுந்து கால் விறைப்பதையும், ஒரு சிறு கல் குதிகாலை அறுப்பதையும் அவர் அறியாமலே இருக்கலாம். அவருக்கு இந்தச் சப்பாத்து வீட்டுக்குள் மட்டும், அதுவும் பின்பக்கம் மூடியதாக இருந்தால் போகட்டும். பனி தள்ளுவதற்கு, நீர் புகாத, கணுக்காலைத் தாண்டி நிற்கும் பூட்ஸ் வேண்டும். அணிவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்ப்பதும், கழற்றியபின் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்ப்பதும் அவருடைய அன்றாட வழக்கமாக வேண்டும். குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள். மின்சாரக் கால்சூடேற்றி, சூட்டுப் பொட்டலம் இரண்டும் அவருக்கு வேண்டவே வேண்டாம். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் பரிசோதனையை வைத்தியர் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்கிறாரா என்று கேளுங்கள்.

கடைசியாக நீங்கள் ஒரு வரியில் சொல்லிப் போன மகனின் கணுக்கால் நோவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஸ்நோபோர்ட் செய்பவர்கள் விழும்போது தாலஸ் என்ற கணு எலும்பின் வெளிப்பக்க முனை உடைவது இந்த விளையாட்டுக்கே உரிய காயமாக அறியப்பட்டது. வெறும் சுளுக்கைப் போலவே நோகும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். மெத்தென்ற சப்பாத்தில் சுகமாக இருப்பதை வைத்து ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சுகம் அழுத்தம் இல்லாததால் வருவதே. வெளிக்கணுவுக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்தினால் கூர்மையாக நோகிறதென்றால், இந்த வாரமே வைத்தியரிடம் போய், ஸ்நோபோர்டில் விழுந்தது என்பதைத் தவறாமல் சொல்லி, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டால் சிடி ஸ்கான் தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் ஒன்ராறியோவில் 811 எண்ணில் எந்நேரமும் தாதியரோடு பேசலாம். அந்தக் காலில் பாரத்தை ஊன்றி நான்கு எட்டு வைத்து நடக்கவே முடியவில்லை என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முறிவு இல்லை என்று உறுதியாகும் வரை அவர் பலகையில் ஏறக்கூடாது.