பாலினேசியர் என்ற சொல்

அன்புள்ள ஐயா,

சிறுவர்களுக்காகப் புவியியல் நூல் ஒன்றை எழுதி வருகிறேன். பசிபிக் கடல் தீவு மக்களைக் குறிக்கும் ‘பாலினேசியர்’ என்ற சொல் வரும் இடங்களில் ‘பல தீவினர்’ என்று எழுத நினைக்கிறேன். கிரேக்க மூலத்துக்கு அதுதானே பொருள்? நியூசிலாந்தின் மாவோரிகள், ஹவாய் மக்கள் எல்லோரையும் அப்படியே குறிப்பிடலாமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள நண்பருக்கு,

‘பாலி’ என்றால் பல, ‘நேசோஸ்’ என்றால் தீவு. பொருள் சரி, ஆனாலும் ‘பல தீவினர்’ வேண்டாம். பல தீவுகளில் வாழ்பவர்கள் இந்தோனேசியாவிலும் இருக்கிறார்கள், மாலத்தீவிலும் இருக்கிறார்கள். சொல்லின் பிறப்பு வேறு, இன்று அது சுட்டுவது வேறு.

1756-இல் ஷார்ல் த பிரோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் இச்சொல்லை உருவாக்கியபோது, பசிபிக் தீவுகள் அனைத்தையுமே அதில் அடக்கினார். 1831-இல் துமோன் துர்வில் என்ற கடலோடிதான் அதைச் சுருக்கி, மற்றத் தீவுகளுக்கு மெலனேசியா, மைக்ரோனேசியா என்று பெயரிட்டார். மெலனேசியா என்றால் கருந்தீவுகள். மண்ணின் நிறமல்ல, மக்களின் தோல் நிறம். அந்தப் பிரிவினையில் இருந்த இழிவை என்னால் மறக்க முடியவில்லை.

பெயர் வெளியார் இட்டது. ஆனால் அது குறிக்கும் உறவு உண்மையானது. ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு மூன்றையும் இணைத்தால் வரும் மாபெரும் முக்கோணத்துக்குள் பேசப்படுபவை ஒரே தாயின் மொழிகள். வீட்டைச் சமோவாவில் ‘ஃபாலே’ என்கிறார்கள், டஹிட்டியில் ‘ஃபாரே’, ஹவாயில் ‘ஹாலே’. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதைக் கேட்டவர்களுக்கு இந்த ஒலிமாற்றம் எளிதில் விளங்கும். 1769-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் நியூசிலாந்து சென்ற துபாயா, டஹிட்டிக்கு அருகிலுள்ள ராயாத்தேயா தீவின் பூசகர். அதற்கு முன் பார்த்தேயிராத மாவோரிகளிடம் அவர் தம் மொழியில் பேசினார், அவர்களுக்குப் புரிந்தது. இடையில் கிடந்தது சுமார் 4,000 கிலோமீட்டர் கடல்! இந்தக் காட்சியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. உங்கள் நூலில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

ஆகவே மொழியையும் மரபையும் பேசும்போது ‘பாலினேசியர்’ என்றே எழுதுங்கள். ஒரு மக்களைத் தனியாகச் சொல்லும்போது மாவோரி, சமோவர், டோங்கர் என்று அவரவர் பெயரையே சொல்லுங்கள். மலையாளியையும் தமிழரையும் ‘திராவிடர்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்? ‘பிரெஞ்சு பாலினேசியா’ என்பது பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு நிலப்பரப்பின் பெயர். டஹிட்டி அதில்தான் இருக்கிறது. சமோவாவும் டோங்காவும் தனி நாடுகள். இவற்றைக் குழந்தைகள் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் போடுவதாக இருந்தால் இன்னொன்று. முக்கோணத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டி நிறுத்திவிடாதீர்கள். அதற்கு வெளியே, மெலனேசியா என்று சொல்லப்படும் சாலமன் தீவுகளில், டிகோப்பியா என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. அங்குள்ளவர்கள் பேசுவதும் பாலினேசிய மொழிதான். அதற்கும் அதே வண்ணத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

அன்புடன்.